ஏரிக்கும் மலைக்கும் நடுவே: ஹெப்கன் ஏரி நிலநடுக்கம், 1959

இடமும் ஆட்களும்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டி இருக்கிறது ஹெப்கன் ஏரி. மேடிசன் ஆற்றை மறித்து 1910-களில் ஓர் அணை கட்டினார்கள்; அது தேக்கிய தண்ணீர்தான் இந்த ஏரி. அணையின் நடுவில் கான்கிரீட் சுவர், இருபுறமும் மண்கரை, உயரம் சுமார் 26 மீட்டர். அணையைத் தாண்டியதும் ஆறு மேற்கே போய் ஒரு குறுகலான மலையிடுக்கில் நுழைகிறது. இடுக்கின் இருபுறமும் செங்குத்தான மலை. நடுவில் ஆறும், ஆற்றை ஒட்டி ஒரே ஒரு சாலையும்.

மேடிசன் ஆறு டிரவுட் மீனுக்குப் பேர்போனது. கோடையில் ஏரியின் வடகரையில் மீன்பிடி விடுதிகளும் வாடகைக் குடில்களும் நிரம்பியிருக்கும். அணைக்குக் கீழே, இடுக்கில் ஆற்றோரமாக அரசு வனத்துறையின் முகாம் மைதானங்கள் இருந்தன. கூடாரத்தோடும், காருக்குப் பின்னால் இழுத்து வந்த டிரெய்லரோடும் குடும்பங்கள் அங்கே வந்து தங்கும். 1959 ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை. பள்ளி விடுமுறை முடியப்போகும் நாட்கள். அணையிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் கீழே இருந்த ராக் கிரீக் மைதானத்தில் அன்று மாலையே இடம் பிடிப்பது பாடாக இருந்தது. இடம் கிடைக்காமல் வேறு மைதானத்துக்குப் போனவர்கள் உண்டு. அவர்களில் பலர் உயிர் பிழைத்ததற்கு அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அந்த இரவில் என்ன நடந்தது என்பது புவியியல் ஆய்வுகளில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. இங்கே நாம் பார்க்கப்போவது, அதற்கடுத்த சுமார் 20 மணி நேரத்தில் அங்கே மாட்டிக்கொண்டவர்கள் என்ன அறிந்திருந்தார்கள், என்ன முடிவெடுத்தார்கள் என்பதை. அவர்கள் கையில் இருந்த தகவலில் பாதி தவறு. அப்படியிருந்தும் முடிவுகளில் பெரும்பாலானவை சரியாக அமைந்தன. எப்படி என்பதுதான் கேள்வி.

இரவு 11.37

நிலநடுக்கத்தின் அளவு சுமார் 7.3. அப்போது பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டிரெய்லர் குலுங்கியதும் பலருக்கு முதலில் தோன்றியது கரடி. சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. யெல்லோஸ்டோன் பக்கம் சாப்பாட்டு வாசனைக்கு இரவில் கரடி வந்து வண்டியை உலுக்குவது நடக்கிற விஷயம். முகாமுக்கு வருகிறவர்களுக்கு அதைப் பற்றித்தான் எச்சரிக்கை சொல்லப்பட்டிருந்தது. தெரிந்த ஆபத்தின் பெயரைத்தான் மனம் முதலில் எடுத்துக் கொடுக்கும். நிலநடுக்கம் என்று உறைப்பதற்குள் விலைமதிப்பில்லாத சில நொடிகள் போய்விட்டன.

ஏரியின் வடகரையில் தரை கிழிந்தது. மலையடிவாரத்தை ஒட்டி ஓடிய பிளவுகளில், சில இடங்களில் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 6 மீட்டர்வரை கீழே இறங்கிவிட்டது. ஏரிப் படுகை முழுவதும் வடக்குப் பக்கமாகச் சாய்ந்தது. அணையும்கூட சுமார் 3 மீட்டர் தாழ்ந்தது. மறுநாள் பார்த்தபோது தென்கரையில் படகுத்துறைகள் தண்ணீரை விட்டு விலகி உலர்ந்த சேற்றில் நின்றன. வடகரையில் குடில்கள் தண்ணீருக்குள் நின்றன.

வடகரை விடுதி ஒன்றை நடத்திவந்தவர் எழுபதைக் கடந்த ஒரு கைம்பெண். அவர் விழித்தபோது வீடே நகர்ந்துகொண்டிருந்தது. சட்டம் கோணிப்போனதால் கதவு திறக்கவில்லை, உதைத்துத் திறந்தார். வாசலுக்கும் தரைக்கும் நடுவே பெரிய பிளவு விரிந்திருந்தது. தாண்டிக் குதித்தார். அவர் குதித்தபின் வீடு ஏரிக்குள் சரிந்து போனது. உள்ளே திரும்பி எதையாவது எடுக்க அவர் நினைக்கவில்லை. அந்த வயதில், அந்த இருட்டில், அவர் செய்ததில் கூட்டவோ குறைக்கவோ எதுவுமில்லை.

தளும்பிய ஏரி

நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நடக்கும்போது தண்ணீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவதைப் பார்த்திருப்போம். சுமார் 24 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரி அப்படித் தளும்பியது. படுகை சாய்ந்ததால் மொத்தத் தண்ணீரும் ஊசலாடத் தொடங்கி, ஒருமுறை போய்வர ஏறக்குறைய 17 நிமிடம் எடுத்தது. இந்த ஆட்டம் மறுநாள் காலைவரை ஓயவில்லை.

அணைப் பொறுப்பாளர் நிலா வெளிச்சத்தில் கரைக்கு ஓடினார். பௌர்ணமியை ஒட்டிய இரவு, ஆனால் எங்கும் புழுதி. அணைக்கு மேலே ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் வழிந்தது. சில நிமிடங்கள் கழித்து வடிந்தது; வடிந்த வேகத்தில் ஏரியே காணாமல் போனதுபோல அணையின் உள்பக்கம் வெறும் இருட்டாகத் தெரிந்தது. பிறகு மறுபடி ஏறி வந்தது. இப்படி நான்கு முறை. மண் அணைக்கு மேலே தண்ணீர் ஏறினால் கரை அரித்து உடையும் என்பது நம்மூர் ஏரிக்கரையில் வளர்ந்த எவருக்கும் தெரியும். கலிங்கு (மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் வாய்) சிதைந்தது, கான்கிரீட் சுவரில் விரிசல்கள் விழுந்தன, மண்கரை அமுங்கியது. ஆனால் அணை நின்றது.

அது நிற்கும் என்று அந்த இரவில் யாராலும் சொல்ல முடிந்திருக்காது. அணைக்குக் கீழே இருந்தவர்கள் எடுத்த ஒவ்வொரு முடிவும் இந்தச் சந்தேகத்தின் மேல் கட்டியது.

மலை இறங்கியது

அதே நேரத்தில், 11 கிலோமீட்டர் கீழே, ராக் கிரீக் மைதானத்துக்கு எதிரே இருந்த தென்மலை பெயர்ந்தது. அந்தச் சரிவு நெடுங்காலமாக ஒரு முட்டுக்கட்டையில் நின்றுகொண்டிருந்தது எனலாம். மேலே நொறுங்கக்கூடிய அடுக்குப்பாறை, அதன் அடுக்குகள் பள்ளத்தாக்கைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. அடிவாரத்தில் கெட்டியான டோலமைட் பாறை மதில்போல அதைத் தாங்கியிருந்தது. நிலநடுக்கத்தில் மதில் உடைந்தது. சுமார் 8 கோடி டன் பாறையும் மண்ணும் மரமும், மணிக்கு 160 கிலோமீட்டரைத் தொடும் வேகத்தில் இறங்கி, ஆற்றைக் கடந்து, எதிர்மலையில் 100 மீட்டருக்கு மேல் ஏறி நின்றது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது.

மைதானத்தின் ஒரு பகுதி அப்படியே புதைந்தது. ஓரத்தில் இருந்தவர்களைக் கொன்றதும் காயப்படுத்தியதும் காற்றும் தண்ணீரும். மலை இறங்கும்போது அதற்குக் கீழே அகப்பட்ட காற்று பிதுங்கி இருபுறமும் பாய்ந்தது. கார்கள் உருண்டன. ஆட்களின் உடைகள் கிழிந்து பறந்தன. ஒரு குடும்பத்தின் தந்தை ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டார். கால்கள் தரையை விட்டு எழுந்து, கொடிபோல அவர் உடல் காற்றில் நீண்டதை மனைவி பார்த்தார். பிறகு பிடி விட்டது. அந்தக் குடும்பத்தில் தாயும் மூத்த மகனும் மட்டுமே மிஞ்சினார்கள்.

சரிவு எழுப்பிய அலை ஆற்றில் மேல்நோக்கி அடித்தது. அதற்குப் பிறகு, வெளியேற வழியில்லாத ஆறு மெதுவாக ஏறத் தொடங்கியது. வயதான தம்பதி ஒன்று டிரெய்லருக்குள் தண்ணீர் வந்ததும் அதன் கூரைமேல் ஏறியது. கூரையும் மூழ்கும் நிலை வந்ததும் பக்கத்து மரத்துக்கு மாறினார்கள். கிளை முறிந்து தண்ணீரில் விழுந்து, மறுபடி ஏறி, விடியும்வரை குளிரில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். விடிந்த பிறகு படகில் வந்தவர்கள் இறக்கினார்கள். ஆகஸ்டாக இருந்தாலும் அந்த உயரத்தில் இரவு குளிர் எலும்பைக் குடையும்.

அங்கிருந்து சில மலைகளுக்கு அப்பால், கிளிஃப் ஏரிக்கரையில், மேலிருந்து உருண்டு வந்த ஒற்றைப் பாறை ஒரு தம்பதியைக் கொன்றது. பக்கத்துக் கூடாரத்தில் அவர்களுடைய மூன்று மகன்கள் படுத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை.

இரண்டு பக்கமும் அடைப்பு

நள்ளிரவுக்குள் நிலைமை இதுதான். கீழ்ப்பக்கம் சாலைமேல் ஒரு மலை. மேல்பக்கம், ஏரியின் வடகரைச் சாலை பல இடங்களில் துண்டு துண்டாக ஏரிக்குள் விழுந்துவிட்டது. நடுவே சுமார் 250 பேர். தொலைபேசி இல்லை. பின்னதிர்வுகள் நிற்கவில்லை, சில 6-ஐத் தொட்டும் தாண்டியும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இருட்டில் எங்கோ பாறை உருளும் சத்தம்.

இந்த 250 பேருக்கும் முழுப் படம் தெரியாது. கீழே இருந்தவர்களுக்கு மலை இறங்கியது தெரியும், அணையின் நிலை தெரியாது. மேலே இருந்தவர்களுக்கு அணைமேல் தண்ணீர் வழிந்தது தெரியும், கீழே ஆறு அடைபட்டது தெரியாது. காரில் ஏறித் தப்ப முயன்றவர்கள் ஒரு பக்கம் போய் மலையைப் பார்த்துத் திரும்பினார்கள், மறுபக்கம் போய் சாலை இல்லாததைப் பார்த்துத் திரும்பினார்கள். அப்படித் திரும்பியவர்கள் வழியில் சந்தித்துக்கொண்டபோதுதான் தகவல் ஒன்றுசேர்ந்தது. ‘அணை உடையப்போகிறது’ என்பதே எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு. உடைந்துவிட்டது என்றும் சிலர் சொன்னார்கள்.

மேட்டுக்கு ஏறிய முடிவு

இந்த நிகழ்வில் நான் அதிகம் நின்று பார்க்க விரும்பும் இடம் இது. யாரும் யாருக்கும் அதிகாரி இல்லாத கூட்டம். சீருடைக்காரர் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. சாலையிலிருந்து மேலே, ஏரிக்கும் இடுக்குக்கும் இடைப்பட்ட ஒரு திறந்த மேட்டில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். அந்த இடத்துக்குப் பிற்பாடு ‘அடைக்கல முனை’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். காரணம் ஒன்றே: அணை உடைந்தால் அந்த உயரத்துக்கு வெள்ளம் எட்டாது.

அணை உடையவில்லை. ஆகவே அவர்களின் காரணம் தவறு. ஆனால் அந்த மேடு, உண்மையில் ஏறிக்கொண்டிருந்த இன்னொரு தண்ணீரிலிருந்து, அதாவது அடைபட்ட ஆற்றிலிருந்து, அவர்களைக் காத்தது. செங்குத்துச் சரிவுக்கு நேர் கீழே இல்லாததால் பின்னதிர்வில் உருண்ட பாறைகளிலிருந்தும் காத்தது. எது வரப்போகிறது என்று தெரியாதபோது பல ஆபத்துகளுக்கும் பொதுவாகப் பொருந்தும் இடத்துக்குப் போனார்கள். தெரிந்து செய்தார்களா என்றால், இல்லை. ஆனால் எடுத்த முடிவைக் கலைக்காமல் இருந்தது தெரிந்துதான். விடியும் முன்னே கீழே இறங்கிப் பொருட்களை எடுக்கலாமா என்ற ஆசை எழாமலா இருந்திருக்கும்?

அந்தக் கூட்டத்தில் விடுமுறைக்கு வந்த ஒரு செவிலியர் இருந்தார். காயப்பட்டவர்களை ஓரிடத்தில் சேர்த்தது அவர்தான். டிரெய்லர்களிலிருந்து மெத்தை, போர்வை, படுக்கை விரிப்பு வந்தன. விரிப்புகள் கிழிந்து கட்டுத்துணி ஆயின. பின்பக்கம் அகலமான கார்கள் வார்டு ஆயின. கைகால் நசுங்கியவர்கள், தோல் உரிந்தவர்கள், நனைந்து விறைத்தவர்கள். மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. இரத்தத்தை நிறுத்துவது, சூடு குறையாமல் பார்ப்பது, யார் முதலில் போக வேண்டும் என்று வரிசைப்படுத்துவது: இந்த மூன்றும்தான் நடந்தன. காலையில் உதவி வந்தபோது, யாரை முதலில் தூக்குவது என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது.

கீழே எனிஸ் என்ற ஊரில் நடந்ததையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அணை உடைந்தது என்ற செய்தி அங்கேயும் போனது. இரவோடு இரவாக ஊரைக் காலி செய்தார்கள். வெள்ளம் வரவில்லை. மலை மறித்துக்கொண்டதால் அணை உடைப்புக்கு நேர்மாறாக ஆற்றில் தண்ணீர் வற்றியது. வதந்தியால் ஓடினார்கள் என்று கேலி செய்வது எளிது. ஒரு நள்ளிரவில் உறுதிசெய்ய வழியே இல்லாத செய்திக்கு ஊரைக் காலி செய்ததை நான் குறையாகக் கருதவில்லை.

விடிந்த பிறகு

வெளியுலகுக்குச் செய்தி போனதில் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் பொழுதுபோக்காகச் சொந்த வானொலிக் கருவியில் பேசிவந்த ஒரு ஹாம் வானொலிக்காரருக்குப் பங்கு உண்டு. 18-ஆம் தேதி காலை விமானங்கள் இடுக்கின் மேல் வட்டமிட்டன. காட்டுத் தீயை அணைக்கப் பாராசூட்டில் குதிக்கும் வனத்துறை வீரர்கள் 8 பேர் முதலில் இறங்கினார்கள். தீயணைக்கப் பயின்றவர்கள்தான், ஆனால் சாலை இல்லாத மலையில் இறங்கி, காயப்பட்டவரைக் கட்டித் தூக்கி, வானொலியில் பேசுவது அவர்களுக்கு அன்றாட வேலை. அந்த நேரத்துக்கு அவர்களைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடைத்திருக்க மாட்டார்கள். ஹெலிகாப்டர்கள் படுகாயம் அடைந்தவர்களை முதலில் எடுத்துப் போயின. அவர்களில் இருவர் பின்னர் மருத்துவமனையில் இறந்தார்கள்.

மேல்பக்கச் சாலையைப் புல்டோசர்கள் ஒப்பேற்றின. விழுந்த பகுதிகளைச் சுற்றி மேட்டில் தற்காலிகத் தடம் போட்டு, அன்று மாலைக்குள் மற்றவர்களைத் தங்கள் தங்கள் வண்டியிலேயே வெளியே கொண்டுவந்தார்கள்.

புது ஏரி

மனிதர்கள் வெளியே வந்த பிறகும் ஆறு உள்ளேயே இருந்தது. சரிவுக்குப் பின்னால் நீர்மட்டம் நாளுக்கு நாள் ஏறியது. அமெரிக்க இராணுவப் பொறியாளர் படையினர் பயப்படக் காரணம் இருந்தது. பக்கத்து மாநிலமான வயோமிங்கில் 1925 ஜூனில் இதேபோல ஒரு மலை சரிந்து கிரோ வான்ட் ஆற்றை மறித்தது. தண்ணீர் கசிந்து வெளியேறுகிறது, ஆபத்தில்லை என்று விட்டுவிட்டார்கள். 1927 மே 18 அன்று அந்த இயற்கை அணையின் ஒரு பகுதி உடைந்து, கீழே இருந்த கெல்லி என்ற சிற்றூரை அடித்துப்போனது. 6 பேர் இறந்தார்கள்.

இம்முறை காத்திருக்கவில்லை. சரிவின் மேலேயே ஒரு கலிங்கு வெட்டுவது என்று முடிவாயிற்று. இரவு பகலாக இயந்திரங்கள் ஓடின. தண்ணீர் உச்சியைத் தொடும் முன் வாய்க்கால் தயாராக வேண்டும் என்ற பந்தயம் அது. செப்டம்பர் 10 அன்று ஆறு அந்த வழியாக வழியத் தொடங்கியது. ஓடும் தண்ணீர் வாய்க்காலை அரிக்கத் தொடங்கியதால் இன்னும் ஆழப்படுத்தி, அக்டோபர் இறுதியில் வேலையை முடித்தார்கள். பின்னால் தேங்கியது சுமார் 10 கிலோமீட்டர் நீளமும் 58 மீட்டர்வரை ஆழமும் உள்ள ஏரி. அதற்கு நிலநடுக்க ஏரி என்றே பெயர்.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

முதலாவது, இடம். அந்த மலைச்சரிவின் பாறை எப்படி அடுக்கியிருக்கிறது என்று பார்க்கும் கண் இருந்திருந்தால், அதற்கு நேர் கீழே குடும்பங்கள் படுக்கும் மைதானம் வந்திருக்காது என்று சொல்லத் தோன்றும். இது முடிந்தபின் வரும் ஞானம். 1959-இல் பொழுதுபோக்கு மைதானத்துக்குப் புவியியலாளரைக் கூப்பிடும் பழக்கம் இல்லை. ஆனால் ஒன்றை அப்போதே யோசித்திருக்கலாம்: உள்ளே வர ஒரே சாலை உள்ள இடத்தில், மேலே அணையும் இருக்கும்போது, நடந்தே ஏறக்கூடிய ஒரு மேட்டை முன்கூட்டியே குறித்து, வழிகாட்டிப் பலகை வைத்திருக்கலாம். மக்கள் அந்த மேட்டைத் தாமாகக் கண்டுபிடித்தார்கள். இருட்டில், புழுதியில், காயத்தோடு.

இரண்டாவது, எச்சரிக்கை. முகாமுக்கு வந்தவர்களுக்குக் கரடியைப் பற்றிச் சொன்னவர்கள், தரை குலுங்கினால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. அந்த வட்டாரம் அதிர்வுக்குப் புதிதல்ல. அதே மாநிலத்தின் தலைநகர் ஹெலெனா 1935-இல் தொடர் நிலநடுக்கங்களால் சேதப்பட்டிருந்தது.

மூன்றாவது, அணையிலிருந்து ஒரு சொல். அணை நிற்கிறது என்பதைப் பொறுப்பாளர் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் செய்தி கீழே போய்ச்சேர நம்பகமான ஒரே ஒரு வழி, மின்சாரத்தையும் தொலைபேசிக் கம்பியையும் நம்பாத வழி, இருந்திருந்தால் எனிஸ் மக்களின் இரவு வேறு மாதிரி போயிருக்கும். மேட்டில் இருந்தவர்களுக்கு அதே செய்தி நன்மை செய்திருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ‘அணைக்கு ஒன்றுமில்லை’ என்று கேட்டவுடன் சிலர் பொருட்களைத் தேடிக் கீழே இறங்கியிருக்கக்கூடும், அங்கே ஆறு ஏறிக்கொண்டிருந்தது. செய்தி சொல்வதென்றால் இரண்டு தண்ணீரைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

நான்காவது, கணக்கு. இறந்தவர்கள் 28 பேர். அதில் 26 பேர் இடுக்கில், 2 பேர் கிளிஃப் ஏரிக்கரையில். இந்த எண்ணை அடைவது சுலபமாக இருக்கவில்லை. அந்த இரவு ராக் கிரீக்கில் யார் யார் தங்கினார்கள் என்று சொல்ல ஒரு பதிவேடு கிடையாது. வீடு திரும்பாதவர்களைத் தேடி உறவினர்கள் அனுப்பிய விசாரிப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் யார் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்தார்கள். 19 பேரின் உடல்கள் எடுக்கப்படவே இல்லை. சரிவின் மேல் கிடக்கும் ஒரு பெரும்பாறையில் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1967-இல் அதன் அருகே ஒரு பார்வையாளர் மையம் திறந்தார்கள். அங்கிருந்து பார்த்தால், 1959-க்கு முன் ஆற்றங்கரையில் நின்ற மரங்கள் இன்றும் தண்ணீருக்கு நடுவே பட்டுப்போய் நிற்பது தெரியும்.